மைதீன் அண்ணன் வைத்துவிட்டுப் போன அட்டை

பல்கலைக்கழகத்தில் பிள்ளைகள் அவரை அங்கிள் என்றார்கள். அலுவலகத்தார் செக்யூரிட்டி என்றார்கள். என் மேற்பார்வையாளர் ரத்னவேல், எதிரே வந்தால் பாய் என்றும் போன பிறகு கிழவர் என்றும் சொல்வார். நான் அண்ணே என்றுதான் கூப்பிட்டேன். சட்டைப் பைக்கு மேலே தைத்திருந்த பெயர் காதர் மைதீன். ஆறு வருடம் ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தோம். அவர் காவல், நான் துப்புரவு.

அவரைப் பற்றி ஒரு பதினெட்டு வினாடிப் படம் இருக்கிறது. பல ஆயிரம் பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். அந்தப் பதினெட்டு வினாடிக்கு முன்னால் அறுபத்திரண்டு வருடம் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அவருடைய அத்தா நாகூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி இந்த ஊருக்கு வந்து தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மைதீன் அண்ணன் பிறந்ததும் அங்கேதான். உயர்நிலைப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு வரை படித்துவிட்டு அதே துறைமுகத்தில் ஒரு கிடங்கில் சேர்ந்தார். எந்தச் சரக்கு எந்த வரிசையில் இருக்கிறது என்று பார்ப்பது வேலை. முப்பது வருடம் பார்த்தார். கிடங்கை மூடிவிட்டார்கள். பிறகு தேக்காக் கடைத்தெருவில் பயணப்பெட்டி விற்கும் கடையில் நின்றார். ஐம்பத்து மூன்று வயதில் காவல் வேலைக்கான வகுப்பில் சேர்ந்து, பரீட்சை எழுதித் தேறினார். அந்தச் சான்றிதழை அவர் மனைவி ஆமினா பீவி கண்ணாடி போட்டு, புக்கிட் மேரா வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார்.

"முப்பது வருசத்துல ஒரு பெட்டி காணாமப் போனதில்ல, தங்கச்சி. என் வரிசையில ஒரு ஆணி காணாமப் போனதில்ல" என்பார். அவருக்குச் சொத்து என்று இருந்தது அந்த ஒரு பேச்சுதான்.

பல்கலைக்கழகம் அவருக்குப் பிடித்த இடம். மகள் ஃபர்சானாவுக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறாள். "எம்புள்ள நுழைய முடியாத கட்டடத்துக்கு எங்கையில சாவி இருக்கு, பாத்தியா" என்று சிரிப்பார்.

காவலாளிகள் இரண்டு மணிநேரத்துக்கு ஒரு தடவை கட்டடத்தைச் சுற்றி வர வேண்டும். சுவரில் அங்கங்கே ஒரு சின்ன வட்டம் ஒட்டியிருக்கும். அதில் கைப்பேசியை வைத்துத் தட்டினால் வந்துபோனது பதிவாகும். மற்றவர்கள் தட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துவிடுவார்கள். மைதீன் அண்ணன் தட்டிய இடத்தில் நிற்பார். அங்கே இருக்கிற பிள்ளையிடம் பேசுவார். சாப்பிட்டியா, எந்த ஊர், ஏன் முகம் வாடியிருக்கு. அவருடைய ஆங்கிலம் துறைமுகத்து ஆங்கிலம். பிள்ளைகளுக்குப் புரிந்தது. மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து அழுத ஒரு சீனப் பையனோடு, அவன் சிநேகிதர்கள் வரும்வரை ஒரு மணிநேரம் ரொட்டி தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்குச் சுவரைத் தட்டத் தாமதமானதற்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

"சுவத்தைத் தட்டலன்னா கேக்குறாங்க. மனுசனை விசாரிக்கலன்னா யாரும் கேக்கல" என்றார். கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மாடிப்படிக்குக் கீழே என் சாமான் அறை. துடைப்பம், சோப்புத் தண்ணீர், காகிதச் சுருள் எல்லாம் அங்கேதான். அதில் ஒரு மூலையைக் கழுவித் துடைத்து, புது அட்டைப்பெட்டியை விரித்து வைத்திருந்தேன். அவர் அங்கே தொழுவார். அந்த அட்டைப்பெட்டியை நான் செருப்புக் காலால் மிதித்ததில்லை. நான் வெள்ளிக்கிழமை சைனாடவுன் மாரியம்மன் கோவிலிலிருந்து வந்தால், "எனக்கும் சேர்த்துக் கேட்டியா?" என்பார். "கேட்டேன்ணே" என்பேன். கேட்டும் இருப்பேன்.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் வளாகக் கண்காணிப்புக் குழு என்று ஒன்று தொடங்கினார்கள். அக்கம்பக்கக் காவல் நிலையத்திலிருந்து ஓர் இளம் அதிகாரி வந்தார். மாணவர்கள், விடுதிக்காரர்கள், காவலாளிகள் எல்லாரையும் பெரிய வகுப்பறையில் உட்கார வைத்தார்கள். துப்புரவுக்காரர்கள் பின்னால் நின்றோம். அதிகாரி ஆங்கிலத்தில் பேசினார். போலீஸ்காரர் எல்லா இடத்திலும் இருக்க முடியாது, அங்கே இருப்பவர்களே ஒருவர் பொருளை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பேசியதாக மைதீன் அண்ணன் எனக்குப் பிறகு சொன்னார். கடைசியில் அவரை முன்னால் கூப்பிட்டு ஒரு பாராட்டுத் தாள் கொடுத்தார்கள். அதிகாரி தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார்.

"பாய், மந்திரியாட்டம் நிக்கிறீங்க" என்றார் ரத்னவேல், கறிபஃபைத் தின்றுகொண்டே.

"மந்திரிக்கு கார் குடுப்பாங்க. எனக்கு 145 பஸ்தான்" என்றார் அண்ணன்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் படிப்பு மண்டபத்து மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள்.

குழுவுக்குத் தலைவன் அர்ஜுன். மூன்றாம் ஆண்டு மாணவன், தமிழ்ப் பையன், மரியாதையான பிள்ளை. ரோஸ் நிற அட்டை அவனுடைய யோசனை. இங்கே பிள்ளைகள் இடம் பிடிப்பதற்கு மேசையில் மடிக்கணினியையே வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். ஒரு மணிநேரம் கழித்து வருவார்கள். யாரும் தொட மாட்டார்கள் என்று நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் குலைக்க வேண்டும் என்றான் அர்ஜுன். ஆள் இல்லாத மடிக்கணினியை எடுத்துக் காவல் மேசைக்குக் கொண்டுபோய்விடுவது. அது இருந்த இடத்தில் அட்டையை வைப்பது. 'திருடன் எடுத்திருக்கலாம், நல்லவேளை நாங்கள் எடுத்தோம், வந்து வாங்கிக்கொள்ளுங்கள்' என்று அதில் ஆங்கிலத்தில் எழுதி, சிரிக்கிற முகம் ஒன்று போட்டிருக்கும். புதன்கிழமை தோறும் ஒரு மாணவரும் ஒரு காவலாளியும் சேர்ந்து போக வேண்டும். எடுத்ததை உடனே பதிவுப் புத்தகத்தில் எழுத வேண்டும்.

மூன்று வாரம் நூலகத்தில் செய்தார்கள். எங்கள் படிப்பு மண்டபத்துக்கு அந்த அட்டை வரவில்லை. அப்படி ஓர் அட்டை உண்டு என்று துப்புரவுக்காரர்களிடம் யாரும் சொல்லவுமில்லை.

எங்களுக்கு வேறு ஓர் உத்தரவு இருந்தது. நடனக் குழு, ரத்ததானம், டியூஷன் என்று தினமும் யாராவது மேசைமேல் வண்ணத் தாள்களை வைத்துவிட்டுப் போவார்கள். "மேசையில ஒரு தாளு இருக்கக் கூடாது. இருந்தா எனக்கு போட்டோ வருது. போட்டோ வந்தா ஒனக்கு நான் வர்றேன்" என்று ரத்னவேல் சொல்லியிருந்தார்.

அது பரீட்சைக்கு முந்தைய புதன்கிழமை. மதியம் மைதீன் அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது அர்ஜுன் ஓடி வந்தான். நான் பக்கத்தில் குப்பைத்தொட்டியில் பை மாற்றிக்கொண்டிருந்தேன்.

"அங்கிள், எனக்கு இன்னிக்கு டெஸ்ட் இருக்கு லா. வேற யாரும் ஃப்ரீயா இல்ல. நீங்க மட்டும் ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க, கேன்? முடியும்ல?"

"ரெண்டு பேரா போகணும்னு சொன்னாங்களே தம்பி."

"உங்கள எல்லாருக்கும் தெரியும் அங்கிள். போஸ்டர்லயே நீங்கதான்." நாலைந்து அட்டையை அவர் கையில் வைத்துவிட்டு ஓடிவிட்டான். அது என்ன அட்டை என்று அப்போது எனக்குத் தெரியாது.

அண்ணனுக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். அட்டைகளைத் தட்டி நேராக்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

ஐந்து மணிக்குக் கால் மணிநேரம் இருக்கும். மண்டபம் நிறைந்திருந்தது. நான் கடைசி வரிசை மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தூணுக்குப் பின்னாலிருந்து மைதீன் அண்ணன் ஒரு மடிக்கணினியை மார்போடு அணைத்தபடி வந்தார். கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி அதற்கு அடியில் கை கொடுத்திருந்தார்.

"முக்கால் மணிநேரமா ஆள் இல்ல. சாவியக் குடு தங்கச்சி, அஸர் தொழுதிட்டுப் போயிடுறேன். அஞ்சு மணி சுத்து ஆரம்பிச்சா அப்புறம் காலு நிக்காது."

காவல் மேசை அடுத்த கட்டடத்தில் இருக்கிறது. தொழுதுவிட்டுச் சுற்றுக்குப் போகிற வழியில் கொடுத்துவிடலாம் என்று நினைத்தார். நானும் அப்படியே நினைத்தேன். அந்தப் பத்து நிமிடம் ஒரு மனிதனுக்கு என்ன செய்யும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. அவர் அறைக்குள் போனார். மடிக்கணினியை என் துவைத்த துணிகளின்மேல் வைத்தார். கதவை உள்ளே பூட்டிக்கொண்டார்.

நான் மேசை மேசையாகத் துடைத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் வந்தேன். ஒரு மேசையில் ஆள் இல்லை. நாற்காலியில் மேல்சட்டை தொங்கியது. மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டும் ஒரு ரோஸ் நிற அட்டையும் இருந்தன. டிஷ்யூ பாக்கெட்டை நான் தொடவில்லை. இடம் பிடிக்க வைத்தது. இந்த ஊரில் அதை யாரும் தொட மாட்டார்கள். அட்டை தினமும் வருகிற விளம்பரத் தாள்தான் என்று எடுத்துக் குப்பைப் பையில் போட்டேன். எலுமிச்சை வாசனை மருந்தைத் தெளித்து, மேசையைத் துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

இதுதான் நான் செய்தது.

அந்த இடத்துக்காரப் பெண் வந்தாள். சின்னப் பெண், சீனப் பெண். மேசையைப் பார்த்தாள், கீழே குனிந்து பார்த்தாள், பையைக் கொட்டினாள். பிறகு அழ ஆரம்பித்தாள். மறுநாள் ஒப்படைக்க வேண்டிய பாடம் முழுக்க அதில் இருக்கிறதாம். எதிர் மேசையில் இருந்த ஒரு பையன் எழுந்து, செக்யூரிட்டி எடுத்துக்கொண்டு போனார், நான் படம் எடுத்தேன் என்றான். பதினெட்டு வினாடி. அவர் தூணைத் தாண்டி வருவதில் அந்தப் படம் தொடங்குகிறது. அட்டை வைத்தது அதில் இல்லை. சுவர்க் கேமராவுக்கும் அந்த மேசையைத் தூண் மறைத்துவிட்டது.

யாரோ காவல் மேசைக்கு ஓடினார்கள். புத்தகத்தில் ஒன்றும் எழுதவில்லை என்று திரும்பி வந்தார்கள். அதற்குள் பத்துக் கைப்பேசிகள் வெளியே வந்துவிட்டன. மைதீன் அண்ணன் என் அறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். கால்சட்டை கணுக்காலுக்கு மேலே மடிந்திருந்தது, முகத்தில் ஈரம். கையில் மடிக்கணினி. கூட்டத்தைப் பார்த்ததும், பாடம் புரிந்துவிட்டது பிள்ளைகளுக்கு என்று நினைத்தார் போல. சிரித்தார்.

"யூ சீ? லக்கி இட்ஸ் மீ" என்றார்.

அந்தச் சிரிப்பையும் எடுத்தார்கள். 'மாட்டிக்கொண்டும் சிரிக்கிறார்' என்று அதன்மேல் எழுதிப் போட்டார்கள்.

அவர் எல்லாரையும் அந்த மேசைக்குக் கூட்டிப்போனார். "கார்டு. பிங்க் கார்டு. ஐ புட் ஹியர்." விரலால் தொட்டுக் காட்டினார். மேசை வெறுமையாக இருந்தது. அவர் விரல் மேசையிலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நிமிர்ந்து, கூட்டத்துக்கு மேலே என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பத்தடி தூரத்தில் என் தள்ளுவண்டியில் அந்தப் பை தொங்கிக்கொண்டிருந்தது. கையை உள்ளே விட்டால் மேலாகவே இருக்கும். நாற்பது பேர் நின்றார்கள். எல்லாரும் ஆங்கிலத்தில் பேசினார்கள். நான் பையின் வாயைக் கட்டினேன். ஏன் கட்டினேன் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆறு மணிக்கு அது குப்பை நசுக்கும் இயந்திரத்துக்குப் போனது.

மறுநாள் காலையில் ரத்னவேலிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"நல்லது. ஒன் ஸ்டோர்ல வெளியாளு தொழுறாரு, சாவி நீ குடுக்குற. அதுவே ஒரு கேசு. அட்டைய தூக்கிப் போட்டது ரெண்டாவது. வாயத் தொறந்தா அவரு போறதுக்கு முன்னாடி நீ போவே, ஒம்பின்னாடியே நானும் வருவேன்."

"பாவம் சார் அவரு."

"கேட்டா சொல்லு. கேக்காததுக்குப் பதில் சொல்லாதே, பூவம்மா."

நான் கேட்பார்கள் என்று காத்திருந்தேன். ஒன்பது நாள் காத்திருந்தேன். அந்த ஒன்பது நாளில் மண்டபத்தில் இருந்த மாணவர்களைக் கேட்டார்கள். படம் எடுத்த பையனை இரண்டு தடவை கூப்பிட்டார்கள். அந்த நேரத்தில் அந்த மேசைகளைத் துடைத்தது யார் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போய் அவர் பேருக்கு நெய்விளக்கு ஏற்றினேன். அம்மன் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அம்மனிடம் சொல்வது எளிது. அவள் கையெழுத்துக் கேட்க மாட்டாள்.

விசாரித்தது அதே இளம் அதிகாரிதான், படத்தில் தோளில் கைபோட்டவர். மரியாதையாகத்தான் நடத்தினாராம். அங்கிள், உட்காருங்க, தண்ணி குடிங்க. எழுத ஆரம்பித்த பிறகு அங்கிள் என்கிற சொல் வரவில்லை என்று அண்ணன் சொன்னார். திருட்டு நோக்கம் இல்லை, வழக்கு இல்லை என்று முடித்தார்கள். ஆனால் பல்கலைக்கழக அலுவலகம் தனியாக விசாரித்தது. இரண்டு பேர் போக வேண்டிய இடத்துக்கு ஏன் தனியாகப் போனீர்கள்? ஏன் புத்தகத்தில் எழுதவில்லை? அட்டை வைத்தேன் என்கிறீர்கள், அது எங்கே?

அர்ஜுனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். சுற்றிப் பார்க்கச் சொன்னேன், எடுக்கச் சொல்லவில்லை என்றான். அது பொய்யில்லை. எடு என்கிற சொல்லை அவன் சொல்லவில்லைதான். அட்டைகளைக் கையில் கொடுத்ததை யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அவனுக்கும் ஒரு ரத்னவேல் இருந்திருக்கலாம்.

பத்தாவது நாள் நான் அலுவலகத்துக்குப் போனேன். யூனிஃபார்மைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அட்டையை நான்தான் போட்டேன், அவர் வைத்தது உண்மை. அவள் பொறுமையாகக் கேட்டாள். கணினியில் எதையோ பார்த்தாள்.

"ஆண்டி, திஸ் கேஸ் ஆல்ரெடி க்ளோஸ்டு" என்றாள்.

அதற்கு முந்தின நாள்தான் முடித்திருக்கிறார்கள். ஆளை மாற்றும்படி காவல் நிறுவனத்துக்கு எழுதியாகிவிட்டது. நான் சொன்னதை ஒரு தாளில் குறித்துக்கொண்டாள். அது எந்தக் கோப்புக்குப் போனதோ தெரியாது. என்னை யாரும் வேலையை விட்டு நீக்கவில்லை. ரத்னவேல் சொன்னது ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கசப்பாக இருக்கிறது. ஒன்பது நாளும் நான் எதற்குப் பயந்தேனோ, அது வரவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு புக்கிட் மேரா வீட்டுக்குப் போனேன். ஆமினா பீவி கதவைத் திறந்தார். ஃபர்சானா சமையலறையில் இருந்தாள், வெளியே வரவில்லை. மருத்துவரிடம் வேலை பார்க்கிற இன்னொரு பெண் அந்தப் படத்தை அவளிடமே காட்டி, உங்க ஆளுங்கள்ல ஒருத்தர் என்றாளாம். வீட்டுக்கு வந்து, 'அத்தா, இது நீங்களா?' என்று கேட்டிருக்கிறாள். 'நான்தான்' என்றிருக்கிறார். அவ்வளவுதான் இருவரும் பேசியது.

கூடத்துச் சுவரில் சான்றிதழ் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது.

"அண்ணே, அந்த அட்டைய நான்தான் தூக்கிப் போட்டேன்" என்றேன். உட்காராமலே சொன்னேன்.

"தெரியும் தங்கச்சி."

"யாரு சொன்னா?"

"மேசை ஈரமா இருந்துச்சு. எலுமிச்சை வாசன. நீதான் போட்டிருப்பேன்னு அங்கயே தெரிஞ்சிருச்சு."

பழப் பையை மேசையில் வைத்தேன். "அப்ப ஏன் அவங்ககிட்டச் சொல்லல?"

"கேட்டாங்க. அட்டை எங்க போச்சு, உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டாங்க. தெரியாதுன்னேன்." அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ஒன் பேரச் சொன்னா சாவி குடுத்தது, தொழுதது எல்லாம் வரும். வீட்டுக்காரரு இல்லாத பொம்பள நீ. சரி, ஒரு வார்த்தைதானேன்னு நெனச்சேன்."

ஆமினா பீவி தேநீர்க் கோப்பையை என் முன்னால் வைத்தார். வைத்த சத்தம் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

"இவரு தெரியாதுன்னு சொன்னப்ப முகத்தப் பாத்துட்டாங்களாம்" என்றார் அவர். "பொய் சொல்லிப் பழக்கமில்லாத மூஞ்சி. எழுதினாங்களே, கேள்விக்குத் தயங்கினாரு, நம்பிக்கை வரலன்னு. அது இந்த ஒரு கேள்விக்குத்தான். மத்ததெல்லாம் உண்மை, அதுக்கெல்லாம் இவரு தயங்கல."

"விடு ஆமினா."

"நான் விட்டாச்சு. டீய குடிங்க, ஆறிடும்."

குடித்தேன். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து வரும்போது மைதீன் அண்ணன் மின்தூக்கி வரை கூட வந்தார்.

"நீ சொல்லிடுவேன்னு கொஞ்ச நாள் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார். "வெளிய நீயா வந்து சொன்னா அது வேற. நான் புடிச்சுக் குடுத்தா அது வேற."

"போயிச் சொன்னேன்ணே. பத்தாவது நாள்."

"ம்" என்றார். மின்தூக்கி வந்தது.

அவரை மேற்கே ஒரு கட்டுமான இடத்து வாசலுக்கு மாற்றினார்கள். லாரி எண்ணை எழுதிக்கொள்வது வேலை. அங்கே பேசுவதற்கு ஆளில்லை, மின்விசிறி உண்டு என்று போனில் சொன்னார். மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த அவர் படத்தைக் கழற்றும்படி ரத்னவேல் என்னிடம்தான் சொன்னார். பசை லேசில் வரவில்லை. வெந்நீர் வைத்துச் சுரண்டினேன். அதிகாரியின் கை கடைசி வரை தோளில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த படிப்புத் தவணையில் ரோஸ் நிற அட்டை வளாகம் முழுவதற்கும் வந்தது. இந்தத் தடவை பிளாஸ்டிக் தாங்கியில் செருகி நிமிர்ந்து நிற்கிற மாதிரி செய்திருந்தார்கள். அர்ஜுனுக்குச் சமூகப் பாதுகாப்புக்கு என்று ஒரு விருது கிடைத்தது. அதே வகுப்பறை, அதே கறிபஃப். அவன் என்னைத் தேடி வந்து ஒன்றை என் கையில் கொடுத்தான்.

"ஆண்டி, அங்கிள் எப்டி இருக்காங்க?"

"இருக்காங்க தம்பி."

"நான் அவங்களுக்கு மெசேஜ் பண்ணணும்னு நெனச்சிக்கிட்டே இருக்கேன்."

"பண்ணுங்க" என்றேன். அவன் கண் சிவந்திருந்தது. எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அவன் முகத்தைப் பார்க்கும்போது என் முகத்தைப் பார்க்கிற மாதிரி இருந்தது, அதனால் கறிபஃபை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

ரத்னவேல் எங்களை வரிசையாக நிற்க வைத்துப் புது உத்தரவு சொன்னார். "ரோஸ் அட்டைய யாரும் தொடக் கூடாது. அதச் சுத்தித் துடைக்கணும். வெளங்குச்சா?" என்னைப் பார்க்காமல் சொன்னார். அன்றிலிருந்து நான் அட்டையைச் சுற்றித் துடைக்கிறேன்.

போன மாதம் தஞ்சோங் பகார் உணவு நிலையத்தில் மைதீன் அண்ணனைப் பார்த்தேன். விடுமுறை நாள், மதிய வேளை. மீன் கறியும் சோறும் வாங்கி உட்கார்ந்தோம். பக்கத்து மேசையில் யாரோ டிஷ்யூ பாக்கெட்டை வைத்து, கூடவே கைப்பையையும் வைத்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போயிருந்தார்கள். பையின் வாய் திறந்திருந்தது. கைப்பேசி வெளியே தெரிந்தது. மைதீன் அண்ணன் அதைப் பார்த்தார். கரண்டியை வைத்தார். எழுந்து, அந்த மேசையிலிருந்து மூன்று எட்டுத் தள்ளிப் போய் நின்றார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அண்ணே, சோறு ஆறுது" என்றேன்.

"வந்துருவாங்க."

"யாரும் எடுக்க மாட்டாங்கண்ணே."

"எடுக்க மாட்டாங்க" என்றார். "நானும் எடுக்க மாட்டேன். பாத்துக்கிட்டிருக்கேன், அவ்ளோதான். கை பின்னால இருக்குது பாரு."

கால் மணிநேரம் அப்படியே நின்றார். தட்டோடு ஒரு பெண் வந்தாள், அலுவலகத்துப் பெண். தன் பையைப் பார்த்தபடி ஒரு வயதான மனிதர் நிற்பதைப் பார்த்தாள். தட்டை வைத்தாள், பையை இழுத்து மடியில் போட்டாள், உள்ளே கைவிட்டுத் துழாவினாள். எல்லாம் இருந்தது. அவரை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு தட்டையும் பையையும் எடுத்துக்கொண்டாள். மறக்காமல் டிஷ்யூ பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனாள்.